பதினோரு பேருக்கு ஆறு குவளை

அத்தியாயம் 4

பிராக்கன் லாட்ஜ் மருத்துவமனைக்குள் கால் வைத்த மூன்று நிமிடத்துக்குள் நான்கு ஊழியர்கள் எங்களுக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டார்கள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. மனநல மருத்துவமனைகளில் நான் இரண்டு தடவை நோயாளியாக இருந்திருக்கிறேன். மொத்தம் பதினான்கு மாதம். அந்தப் பதினான்கு மாதத்தில் எனக்குக் கிடைத்த காலை வணக்கங்களை எல்லாம் கூட்டினாலும் நான்கு தேறாது.

"பாஸ், இடம் மாறி வந்துட்டோம்போல. இது ஏதோ ஹோட்டல்," என்று ரோவெனாவின் காதில் சொன்னேன்.

"ஹோட்டல்னா பில் குடுப்பாங்க. பேசாம வா," என்றார் ரோவெனா பிரிக்ஸ்.

ரோவெனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, ஐந்தடி உயரம், ஆறடி ஆளுக்கான கைப்பை. மருத்துவமனைகளில் நோயாளிகளை ஒழுங்காகக் கவனிக்கிறார்களா, போதுமான ஆள் இருக்கிறார்களா என்று பார்க்கும் அரசாங்க ஆய்வாளர். யார்க்ஷயர் மாவட்டம் முழுக்க அவர் கார் எண்ணை மனப்பாடமாகத் தெரிந்த மருத்துவமனை முதலாளிகள் உண்டு. நான் நெவில் ஹெப்வொர்த். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டினேன். பிறகு ஒரு மாரிக்காலத்தில் மனசு பஸ் நிறுத்தத்திலேயே நின்றுவிட்டது. தேறி வந்ததும் இந்த வேலை. உள்ளே படுத்து எழுந்தவன் கண்ணுக்குச் சில விஷயங்கள் சட்டென்று தெரியும் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு, கழுத்தில் ஓர் அட்டையும் மாட்டிவிட்டிருக்கிறது.

இங்கே வரக் காரணம் ரோவெனாவின் கைப்பையில் இருந்தது. பெயரில்லாமல் தபாலில் வந்த வெளிர்பச்சை அட்டை ஒன்று, உள்ளங்கை அளவு. மேல் விளிம்பைக் கத்தரியால் கோணலாக வெட்டியிருந்தார்கள். அதில் இரண்டே வரி: "பிராக்கன் லாட்ஜ். மாதக் கடைசிச் சனிக்கிழமை வாருங்கள். குவளைகளை எண்ணிப் பாருங்கள்."

அவ்வளவுதான். மூன்று வாரமாக நான் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒன்றும் புரியாமல், குவளை திருட்டுப்போனால் போலீஸுக்கு எழுதவேண்டியதுதானே என்று சொல்லித் திட்டு வாங்கியிருந்தேன்.

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் முந்தின நாள் சாயங்காலமே ஊரில் இருக்கிற ஒரே விடுதியில் அறை எடுத்தோம். ரசீதை அலுவலகப் பெயரில் போடச் சொன்னேன். விடுதிக்காரியின் தங்கைதான் பிராக்கன் லாட்ஜில் சமையல் என்பது காலை உணவு சாப்பிடும்போதுதான் தெரிந்தது. ரோவெனா அந்த முட்டையை முடிக்கும்வரை என்னோடு பேசவில்லை.

ஆகவே, வரவேற்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். முன்னால் நின்றவர் ஃபெனெல்லா கிராஃப்ட், மருத்துவமனை நடத்தும் கம்பெனியின் வட்டார இயக்குநர். முத்துமாலை, மழைக்கு அஞ்சாத கூந்தல். சனிக்கிழமை காலையில் இயக்குநர் வேலைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு அரையடி பின்னால் நின்றவர் மருத்துவமனை மேலாளர் கிளைவ் மெட்காஃப். நெற்றி வியர்த்து, கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, யாரோ கோட்டைப் பிடுங்கப்போவதுபோல் நின்றார்.

ஃபெனெல்லா டியூட்டி பட்டியலை நீட்டினார். பதினாறு நோயாளிகள், பதினோரு ஊழியர்கள். விதிப்படி எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர். இயக்குநர் தானும் பன்னிரண்டு வருடம் மனநல நர்ஸாக இருந்ததையும், பதிவை இன்னும் புதுப்பித்து வருவதையும், ஆள் குறைந்தால் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானே வார்டில் இறங்கிவிடுவதையும் சொன்னார். அவர் சட்டைக் கையில் ஒரு மடிப்புக்கூட இல்லை.

"முதல்ல ஒரு டீ குடிச்சிடலாமே," என்றார் கிளைவ்.

வேலை முடிந்தபிறகு பார்க்கலாம் என்றார் ரோவெனா. தாழ்வாரத்தில் கிளைவ் மறுபடியும் டீ என்றார். மருந்தறை வாசலில் மூன்றாவது முறை. எனக்கோ நாக்கு வறண்டுவிட்டது. இந்த ஆள் ஆய்வைத் தாமதப்படுத்தத்தான் டீயைக் காட்டுகிறார் என்று ரோவெனா முணுமுணுத்தார். நானும் அப்படியே நம்பினேன்.

வார்டைச் சுற்றிக் காட்ட வந்தவர் லாய்டு என்ற உயரமான ஊழியர். நல்ல மனுஷன், நல்ல சிரிப்பு. இதுதான் நோயாளிகள் ஓவியம் வரையும் அறை என்று சொல்லி ஒரு கதவைத் திறந்தார். உள்ளே இரண்டு துடைப்பமும் ஒரு வாளியும் இருந்தன. லாய்டு வாளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இட நெருக்கடிங்க," என்றார்.

"பரவாயில்ல. துடைப்பம் ரெண்டும் தத்ரூபமா வரைஞ்சிருக்கு," என்றேன்.

ஊழியர்களை எண்ணினோம். கிளைவையும் சேர்த்துப் பதினோரு தலை சரியாக இருந்தது. பட்டியலில் ஆறாவது பெயர் அவருடையதுதான்: கிளைவ் மெட்காஃப், நர்ஸ்.

தோட்டத்தைப் பார்த்த கண்ணாடி அறையில்தான் எனிட் என்ற நோயாளியைச் சந்தித்தோம். அறுபத்து மூன்று வயது, சிவப்புக் கம்பளிச் சட்டை, தலையில் வெளியே போகிற தொப்பி, காலில் வெளியே போகிற பூட்ஸ். மடியில் துவாலையில் சுற்றிய ஒரு பொருள். நான் குழந்தை என்றே நினைத்துவிட்டேன். துவாலையை விலக்கினார். வெங்காயம். என் தலையைவிடப் பெரிய வெங்காயம். தங்க நிறத் தோல், கழுத்தில் அழகாக நூல் கட்டு.

"இவன் பேரு கிளாரன்ஸ்," என்றார் எனிட். "தொடாதீங்க, கண்ணு. உங்க கை சூடா இருக்கும்."

கிளாரன்ஸ் மருத்துவமனைத் தோட்டத்தில் எனிட் கையால் வளர்ந்தவன். ஆறு மைல் தள்ளி திசில்பி கிராமத்தில் அன்றுதான் வருடாந்தரக் காய்கறிக் கண்காட்சி. பெரிய வெங்காயத்துக்கு எடை போடுவது சரியாக இரண்டு மணிக்கு முடியும். வளர்த்தவர் தன் கையால் தராசில் வைக்கவேண்டும், வேறு யார் வைத்தாலும் செல்லாது. எனிடை வெளியே அனுப்ப மருத்துவர் அனுமதி கொடுத்திருந்தார், கூட இரண்டு ஊழியர்கள் போகவேண்டும் என்ற நிபந்தனையோடு.

"ரெண்டு பேர் வேணும்னு நானே தான் கேட்டு வாங்கினேன்," என்றார் எனிட். "ரெண்டு வருஷம் முன்னாடி பனியில செருப்போட மலை மேல நடந்து போயிட்டேன். இப்ப தேவலை. ஆனா என் கால் மேல எனக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்ல."

கடைசியாக எப்போது வெளியே போனீர்கள் என்று ரோவெனா கேட்டார். ஒன்பது வாரம் ஆகிறதாம். ஒவ்வொரு வாரமும் ஆள் இல்லை, ஆள் இல்லை. இன்றைக்காவது உண்டா என்று காலையில் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்களாம்.

காலையில் அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருந்த பதிவேட்டு நகலை ரோவெனா கைப்பையிலிருந்து எடுத்தார். ஒன்பது வாரத்துக்கும் ஒரே வாசகம் எழுதியிருந்தது: நோயாளி வெளியே போக விரும்பவில்லை.

எனிட் அதை இரண்டு முறை படித்தார். என் பதிவேட்டிலும் ஒரு காலத்தில் இதே வாசகத்தை எழுதியிருந்தார்கள். நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு கதவருகே உட்கார்ந்திருந்த நாட்களுக்கெல்லாம்.

"விரும்பலையா?" என்றார் எனிட். "அங்க என் தங்கச்சி வருவா. முரியல். எங்கம்மா இந்த மாதிரி ஆஸ்பத்திரியில இருந்தப்போ, அவளை ஏழு வயசுல பூட்டின கதவுக்குப் பக்கத்துல நாள் பூரா உக்கார வச்சிட்டாங்க. அதுலேருந்து அவளால இந்த வாசப்படி தாண்ட முடியாது. கார்ல வருவா, வாசல் வரைக்கும் வருவா, அழுதுட்டுத் திரும்பிடுவா. வருஷத்துல அந்தத் தராசு பக்கத்துல மட்டும் தான் நாங்க பார்த்துக்குவோம். போன வருஷமும் நான் போகல. இந்த வருஷமும் போகலேன்னா, எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கலேன்னு நினைச்சிடுவா."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. ஊழியர்கள் எப்படி என்று நான் பேச்சை மாற்றினேன். பேஷன்ஸ் என்ற ஊழியருக்கு ஸ்ட்ராங் டீ, இரண்டு சர்க்கரை என்று ஆரம்பித்தார் எனிட். இப்படியே ஐந்து பேருக்கும் டீ சொன்னார், பால் அளவோடு. மற்றவர்கள்?

"கிளைவா? அவர் ஆபீஸை விட்டு வார்டுக்கு வந்தா தானே தெரியும். பாக்கி அஞ்சு பேரை இன்னிக்குத் தான் பார்க்கறேன். நல்லவங்களாத்தான் தெரியுது. அந்த நெட்டைப் பிள்ளை டாய்லெட் எங்கேன்னு என்கிட்ட தான் கேட்டுட்டுப் போச்சு."

ரோவெனாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வாரமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்த அட்டை, கைப்பைக்குள்ளிருந்தே எங்களைப் பார்த்துச் சிரித்தது.

"நெவில், உனக்கு டீ வேணுமா?" என்றார் ரோவெனா.

"காலையிலேருந்து அதைத் தானே பாஸ் கேட்டுட்டிருக்கேன்."

ஊழியர்களின் சமையலறைச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள். ஆறு குவளைகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. ஐந்து குவளைகளில் டீக்கறை. ஆறாவதில் கிளைவ் என்று பெயர். உள்ளே தூசி, தூசியில் காலமான ஓர் ஈ.

இந்த நாட்டில் பத்து வருடம் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவரின் குடும்பப் பெயர் தெரியாமல் போகலாம். அவருக்கு எத்தனை சர்க்கரை என்பது தெரியாமல் போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொந்தக் குவளையைக் கொண்டுவந்து மாட்டுவதுதான் சேர்ந்ததற்கே அடையாளம். பஸ் டிப்போவில் என் குவளை இன்னும் தொங்குகிறது. எடுக்க யாருக்கும் மனசு வரவில்லையாம்.

லாய்டைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் ஒரு சுற்று டீ போட முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். முதல் அலமாரியைத் திறந்தார், தட்டுகள். இரண்டாவது, கட்டுப்போடும் துணி. மூன்றாவதைத் திறந்ததும் கிறிஸ்துமஸ் ஜிகினா அவர் தலையில் கொட்டியது. டீத்தூள் கெட்டிலுக்குப் பக்கத்திலேயே, டீ என்று எழுதின டப்பாவில் இருந்தது. யார் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்றேன். லாய்டு காதில் ஜிகினாவோடு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில் எனக்கு டீ, அளவுக்கோடு போட்ட ஒரு ஜாடியில் வந்தது. முந்நூறு மில்லி.

வாசலில் வந்து நின்ற ஃபெனெல்லா அசரவே இல்லை. அந்த ஐந்து பேரும் இந்த மாதம்தான் சேர்ந்தவர்கள், குவளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார். வேலைக்கு எடுத்த காகிதங்கள்? தலைமை அலுவலகத்தில். தலைமை அலுவலகம்? சனிக்கிழமை விடுமுறை.

புதிய ஆட்கள் என்றால் குற்றமில்லை. அதை உடைக்கக் கையில் ஒன்றும் இல்லை. அந்த முந்நூறு மில்லியைக் குடித்துக்கொண்டு யோசித்தபோதுதான் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. தோட்டத்துக்குப் போய், அவரைக்கொடிக்குப் பின்னால் நின்று, என் கைப்பேசியிலிருந்து வார்டுத் தொலைபேசிக்கு அடித்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லாய்டுதான் ஓடிவந்து எடுத்தார். பழகின கை, பழகின வாய்.

"வணக்கம், லார்ச் ஹவுஸ், லாய்டு பேசறேன்."

சொன்ன பிறகுதான் மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டார்.

லார்ச் ஹவுஸ் அதே கம்பெனியின் இன்னொரு மருத்துவமனை, பன்னிரண்டு மைல் தள்ளி. நான் அவரைக்கொடியைச் சுற்றி ஒரு சின்ன ஆட்டமே போட்டுவிட்டு ரோவெனாவிடம் ஓடினேன். ஐந்து பேரும் இரவல், பாஸ். வேனில் ஏற்றிக்கொண்டுவந்த இரவல்.

ரோவெனா சிரிக்கவில்லை.

"அப்போ லார்ச் ஹவுஸ்ல இப்ப யாரு இருக்காங்க?"

என் ஆட்டம் அங்கேயே நின்றது. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஐந்து பேரையும் திருப்பி அனுப்பினால் இங்கே ஆள் குறையும். ஆள் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது எனிடின் வெளி அனுமதிதான். ஒன்பது வாரம் பத்தாகும், அதுவும் எங்கள் கையால். இரண்டு மணி வரை தெரியாததுபோல் இருந்துவிடலாம் என்று நான் கெஞ்சினேன். ஒரு மணி நேரம்தானே, கிளாரன்ஸ் தராசில் ஏறட்டும், பிறகு ஆடுங்கள் உங்கள் ஆட்டத்தை என்றேன்.

"அங்கேயும் ஒரு எனிட் இருப்பா, நெவில்," என்றார் ரோவெனா.

மேலாளர் அறையில் ஃபெனெல்லாவையும் கிளைவையும் உட்காரவைத்து, ரோவெனா லார்ச் ஹவுஸ் எண்ணை எல்லாருக்கும் கேட்கும்படி போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இருபதாவது மணியில் ஒரு முதிய குரல், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"லார்ச் ஹவுஸ். ஹொரேஸ் பேசறேன். ஒன்பதாம் நம்பர் ரூம்."

ரோவெனா ஊழியர் யாரையாவது கூப்பிடச் சொன்னார்.

"ஊழியர்களா? எல்லாரும் காலைல ஏழரைக்கு வேன்ல போயிட்டாங்க, தங்கம். சிஸ்டர் ஒருத்தங்க தான் இருக்காங்க. அவங்க மாடியில ஒருத்தரோட கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்காங்க, விட முடியாது. சாப்பாடு நானும் சமையல்காரரும் சேர்ந்து போட்டுட்டோம். பட்டாணி கொஞ்சம் கருகிடுச்சு. நீங்க யாரு?"

ரோவெனா சொன்னார்.

"ஓ, ஆய்வா?" என்றார் ஹொரேஸ். குரலில் ஒரு சின்ன ஏமாற்றம். "நீங்க இங்க வர்ற அன்னிக்கு பிராக்கன் லாட்ஜ் ஆளுங்க வருவாங்களே. போன தடவை அப்படித் தானே நடந்தது. இன்னும் வரலையேம்மா."

ஃபெனெல்லாவின் முத்துமாலை ஏறி இறங்கியது.

அதன்பிறகு ரோவெனா வேலை பார்த்த வேகம் இருக்கிறதே, இருபத்திரண்டு வருடத்தில் என் பஸ்கூட அப்படி ஓடியதில்லை. லார்ச் ஹவுஸுக்குப் பக்கத்து ஊரில் இருந்த எங்கள் அலுவலகத்தார் இருவர் கால் மணியில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள், இன்னும் இருவர் பிராக்கன் லாட்ஜுக்கே வந்து சேர்ந்தார்கள். சிஸ்டரும் பதினான்கு நோயாளிகளும் நலம், பட்டாணிதான் நலமில்லை என்று செய்தி வந்தது. லாய்டு கோஷ்டி உடனே வேனில் ஏறவேண்டும் என்று உத்தரவு.

ஃபெனெல்லா எழுந்து நின்றார். முகத்தில் அப்போதும் ஒரு துண்டு சிரிப்பு மிச்சமிருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு. அப்போ எனிட் இன்னிக்குப் போக முடியாது. ஆள் இல்லையே. இது உங்க முடிவு, எங்க முடிவு இல்ல."

பாவி, நான் பயந்த இடத்திலேயே கை வைத்தார். கதவு இடுக்கில் சிவப்புக் கம்பளி தெரிந்தது. எனிட் கிளாரன்ஸை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கவேண்டும். மணி ஒன்று இருபத்தைந்து.

ரோவெனா டியூட்டி பட்டியலை மேசையில் விரித்து, ஆறாவது பெயரில் விரலை வைத்தார்.

"கிளைவ் மெட்காஃப், நர்ஸ், வார்டு டியூட்டி. மூணு வருஷமா தினமும் இந்தப் பேர் கணக்குல இருக்கு. இது நிஜமா, பொய்யா? பொய்னா இப்பவே எழுதிக்கறேன், கீழே உங்க கையெழுத்து இருக்கு. நிஜம்னா ஒரு ஊழியர் கைவசம் இருக்கார். கூட பேஷன்ஸ் போகட்டும்."

"வார்டுல ஆள் குறையுமே," என்றார் ஃபெனெல்லா.

"குறையாது. பன்னிரண்டு வருஷ அனுபவம், பதிவு புதுப்பிச்சிருக்கு, ஆள் குறைஞ்சா கையை மடிச்சு விட்டுக்கிட்டு இறங்கிடுவேன்னு காலைல நீங்க தான் சொன்னீங்க. இங்க ரெண்டு பேர் போறாங்க, நீங்க இறங்குங்க. மிச்சத்துக்கு உங்க கம்பெனி நர்ஸ்களைக் கூப்பிட்டு வரவழைக்கட்டும். அவங்க வர்ற வரைக்கும் இப்ப வந்திருக்கற எங்க ஆளுங்க ரெண்டு பேரும் வார்டுல நிப்பாங்க."

ஃபெனெல்லா சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்ததை நான் பார்த்தேன். வாழ்நாளில் இப்படி ஒரு காட்சி கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. பொறுப்பு நர்ஸ், எதற்கும் பதறாத பெண்மணி, அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு முதல் வேலையைச் சொன்னார்: எல்லாருக்கும் டீ. கெட்டில் பக்கத்து டப்பாவில் இருக்கிறது என்று நானும் உதவினேன்.

அதைவிட ஆச்சரியம் கிளைவ். அவரைத் தண்டிப்பதாகத்தான் ரோவெனா நினைத்திருப்பார். மனுஷன் துள்ளி எழுந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசிவிட்டு, எனிடின் கையைப் பிடித்து வாசலுக்கு ஓடினார்.

லார்ச் ஹவுஸ் போகும் வழியில்தான் திசில்பி. வேனை லாய்டு ஓட்டினார். வளைவில் அவர் கியர் மாற்றிய விதத்துக்கு எங்கள் டிப்போவில் சஸ்பெண்ட் பண்ணியிருப்பார்கள். அதை நான் அவ்வப்போது சொல்லியும் வந்தேன். கிளாரன்ஸ், கிளைவின் மடியில். எனிடும் பேஷன்ஸும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, வேன் குலுங்கும்போதெல்லாம் வெங்காயத்துக்கு முட்டுக்கொடுத்தார்கள். நடுவில் ஒரு செம்மறியாட்டு மந்தை சாலையை மறித்தது. ஐந்து ஊழியர்கள், ஓர் அரசாங்க ஆய்வாளர், ஒரு மேலாளர், எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஆடுகளிடம் மன்றாடினோம். ஆடுகளுக்கு எந்த ஆய்வாளரிடமும் பயமில்லை.

கிராம மண்டபத்தில் இறங்கும்போது ஒன்று ஐம்பத்தாறு.

தராசு மேசையில் கனத்த கண்ணாடி போட்ட ஒருவர், பதிவு அட்டை எங்கே என்றார். எனிட் திகைத்தார். கிளைவ் சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். வெளிர்பச்சை. உள்ளங்கை அளவு. மேல் விளிம்பில் திசில்பி தோட்டக்கலைச் சங்கம் என்று அச்சடித்திருந்தது.

ரோவெனா கைப்பையைத் திறந்து, எங்களுக்கு வந்த அட்டையை வெளியே எடுத்தார். மேல் விளிம்பு வெட்டிய அதே வெளிர்பச்சை.

"ரெண்டு அட்டை வாங்கினேன், ஒண்ணு மழையில நனைஞ்சு போச்சுன்னீங்களே," என்றார் எனிட் கிளைவிடம்.

மூன்று தடவை டீ என்றாரே. காலையிலிருந்து எங்களைக் குவளைகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த மன்றாடிய ஆளை, ஆய்வைத் தாமதப்படுத்துகிறார் என்று நினைத்தோமே. எனக்கு என் தலையிலேயே குட்டிக்கொள்ளத் தோன்றியது.

"நேரா சொல்லியிருக்கலாமே," என்றார் ரோவெனா.

"அந்தப் பட்டியல் எல்லாத்துலயும் என் கையெழுத்தும் இருக்கு," என்றார் கிளைவ். "அந்தம்மா பக்கத்துல நின்னா எனக்கு வாய் வராது. எனிட் இந்தச் சனிக்கிழமையாவது வெளியே வரணும். அதுக்கு மேல யோசிக்கல."

"அறிக்கையில உங்க பேரும் வரும்."

"தெரியும். எழுதுங்க."

மணி ஒன்று ஐம்பத்தெட்டு. தராசுக்கு முன்னால் ஒரே ஒருத்தி நின்றிருந்தார். பழுப்புக் கோட்டு, கையில் ஒரு பெரிய வெங்காயம். தராசுக்காரர் அவரிடம், ஒன்றரை மணி நேரமாக எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு நிற்கிறீர்கள், இனி உங்களைத் தவிர யாருமில்லை, வைக்கிறீர்களா இல்லையா என்று எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்தார். போன வருடமும் இதே கதை, கடைசிவரை நின்றுவிட்டு வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள் என்றார்.

"முரியல்," என்றார் எனிட்.

முரியல் திரும்பினார். இரண்டு பேர் கையிலும் வெங்காயம். கட்டிப்பிடிக்க முடியவில்லை. நெற்றியை நெற்றியோடு முட்டிக்கொண்டு நின்றார்கள். நான் அழுதேன். வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன், பேஷன்ஸ் நம்பவில்லை.

கிளாரன்ஸ் ஆறு கிலோ எழுநூற்றுப் பத்து. முரியலுடையது ஆறு எழுநூற்று நாற்பது. முப்பது கிராமில் தோற்ற எனிட், தங்கையைத் திருடி என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி திட்டினார். முரியலுக்கு அந்தத் திட்டுதான் பரிசுபோல் இருந்தது.

கிளைவ் எல்லாருக்கும் டீ வாங்கிவரக் கிளம்பினார். இரண்டடி வைத்துவிட்டு நின்று, எனிடிடம் எத்தனை சர்க்கரை என்று கேட்டார்.

எனிட் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வருஷமா என் வார்டுல வேலை பார்க்கறீங்கன்னு எழுதியிருக்காமே."

கிளைவின் காது சிவந்தது.

"ஒண்ணரை," என்றார் எனிட். "பால் கடைசியில."

கிளைவ் பேனாவை எடுத்தார். எழுத எதுவும் இல்லாமல், ரோவெனாவின் கையில் இருந்த வெட்டிய அட்டையைப் பார்த்தார். அது எங்கள் வழக்கின் ஒரே சாட்சிப்பொருள். ரோவெனா அதைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தைக் காட்டி அவரிடம் நீட்டினார். கிளைவ் மேசைமேல் குனிந்து நிதானமாக எழுதினார்: எனிட், ஒன்றரை, பால் கடைசியில்.